பேரலை முதலில் வாங்காதீர்கள்



மினி டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகும் மருந்தடிக்கிற வண்டியை நாமே பாதுகாப்பாகச் செய்துகொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். வெல்டிங் வைக்கவும் ஹோஸ் மாட்டவும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018-ல் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்து சேர்ந்த பிறகு, இந்தப் பக்கத்தில் நீலப் பேரல் ஒன்று பட்டறை வாசலில் நிற்காத ஊர் கிடையாது. நான் பேச வந்தது எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்கிற வரிசையைப் பற்றி.

நம் ஆட்கள் பேரலில்தான் தொடங்குகிறார்கள். சாயப்பட்டறையில் கழித்த பேரல் மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டாயிற்று. பிறகு அதைச் சுமக்க ஒரு வண்டி. பிறகு மச்சான் வீட்டில் சும்மா கிடந்த பம்பு. அந்தப் பம்பைச் சுற்ற ஓர் இன்ஜின், இல்லாவிட்டால் டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு. எல்லாம் முடிந்த பிறகு கடைக்குப் போய், "அண்ணே, இதுக்கு ஏத்த மாதிரி நாசில் குடுங்க" என்று கேட்பது. இப்படிச் செய்த வண்டியில் ஒவ்வொரு பாகமும் தேவைக்கு மேல் பெரியதாக இருக்கும். பேரல் பெரிது, அதனால் வண்டி கனம். பம்பு பெரிது, அதனால் பிரஷர் அதிகம். பிரஷர் அதிகம், அதனால் மருந்து புகையாகிக் காற்றில் போகிறது. நடக்கிற விபத்துகளில் பாதி இந்தத் தேவையில்லாத கனத்திலும் பிரஷரிலும் இருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு. ஆகவே தலைகீழாகப் போங்கள். முதலில் நாசில், அப்புறம் பம்பு, அப்புறம் பேரல், கடைசியில் வண்டி.

வண்டியே எதற்கு என்று கேட்பவர்களும் இங்கே இருப்பீர்கள். முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்கில் ஏக்கருக்கு 200 லிட்டர் அடிக்க வேண்டுமானால் பன்னிரண்டு பதின்மூன்று தடவை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து மருந்தை அளந்து ஊற்ற வேண்டும். டேங்கின் அடிவளையம் கசிந்தால் முதுகு நனையும், இடுப்பு நனையும், லுங்கி நனையும். முன்கைத் தோலைவிடத் தொடை இடுக்குத் தோல் பல மடங்கு வேகமாக மருந்தை உறிஞ்சும். மேலும், கையில் கன் பிடித்து நடப்பவர் தான் இப்போதுதான் அடித்த செடிக்குள்ளேயே நடக்கிறார். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது, அதற்குள் நுழைந்து அடித்தார்கள். அதே பருவத்தில் நம் பெரம்பலூர்ப் பருத்திக் காட்டிலும் சாவு நடந்தது. ஆளை மருந்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி உட்காரவைக்கிற எந்த வண்டிக்கும் நான் ஆதரவுதான். ஆனால் மருந்து ஆளை விட்டு விலகும் இடத்தில் இரும்பும் பாரமும் சுழலும் தண்டும் ஆளை நெருங்கி வருகின்றன. அதை மறந்துவிடக் கூடாது.

சரி, நாசிலுக்கு வருவோம். களைக்கொல்லிக்கு விசிறி மாதிரி விரிக்கிற தட்டை நாசில். பூச்சி, பூஞ்சாண மருந்துகளுக்குக் கூம்பாக அடிக்கிற நாசில். தட்டை நாசிலில் 110 டிகிரி விரிவது என்றால், பூம் என்கிற குறுக்குக் குழாயில் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைத்து, பயிரின் தலையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் ஒன்றோடொன்று சரியாக மேவி விழும். நாசிலின் நிறம் அழகுக்காகக் கொடுத்ததல்ல. உலகம் முழுவதற்கும் ஒரே அளவுக் குறி. 3 பார் பிரஷரில் மஞ்சள் நிறம் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் விடும், நீலம் 1.2 லிட்டர், சிவப்பு 1.6 லிட்டர். நம் பட்டறைப் பேச்சில் 3 பார் என்றால் ஏறக்குறைய மூன்று கிலோ பிரஷர்.

இப்போது ஒரு கணக்கு. நாலு மீட்டர் பூம், எட்டு சிவப்பு நாசில். ஆக நிமிடத்துக்கு 12.8 லிட்டர். டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஓர் ஏக்கர் முடியப் பதினைந்து நிமிடம். செலவாகும் தண்ணீர் 194 லிட்டர். நம் ஆட்கள் கேட்கிற 200 லிட்டர் அங்கேயே வந்துவிட்டது. மூன்று கிலோ பிரஷரில் வந்தது, முப்பது கிலோவில் அல்ல. இந்த ஒரு கணக்கு உங்கள் வண்டியின் எல்லா அளவுகளையும் தீர்மானித்துவிடும்.

"புகை மாதிரி அடிச்சாத்தான் மருந்து புடிக்கும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எப்படி வேரூன்றியதோ தெரியவில்லை, பிடுங்குவது கோரைக்கிழங்கு பிடுங்குகிற கஷ்டம். பிரஷரை ஏற்றினால் துளி பொடியாகும். 3 மீட்டர் உயரத்திலிருந்து 400 மைக்ரான் துளி தரைக்கு வர இரண்டு விநாடி. 100 மைக்ரான் துளிக்குப் பத்து விநாடிக்கு மேல். 20 மைக்ரான் துளிக்கு நாலு நிமிடம். நாலு நிமிடம் காற்றில் மிதக்கிற துளி எங்கே போகும்? பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிக்குப் போகும், உங்கள் மூக்குக்கும் போகும். பிரஷரைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்பதும் பொய். நாசிலில் தண்ணீர் இரட்டிப்பாக வர வேண்டுமானால் பிரஷரை நாலு மடங்கு ஏற்ற வேண்டும். கூடுதல் தண்ணீர் வேண்டுமா, அடுத்த நிற நாசிலை மாட்டுங்கள்.

அடுத்தது பம்பு. நாசிலுக்கு 13 லிட்டர். பேரலுக்குள் மருந்து அடியில் படியாமல் கலக்கிக்கொண்டே இருக்க, பைபாஸ் ஹோஸில் திரும்பி வரும் தண்ணீர் 10 லிட்டர். தேய்மானத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர் பம்பு தாராளம். இதைச் சுற்ற என்ன சக்தி வேண்டும்? பிரஷரை பாரில் வைத்து, நிமிடத்து லிட்டரால் பெருக்கி, 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். மூன்றை முப்பதால் பெருக்கினால் தொண்ணூறு. அறுநூறால் வகுத்தால் 0.15. ஒரு குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு. பம்புக்குள் வீணாவதைச் சேர்த்தாலும் அரை குதிரைத்திறனைத் தாண்டாது. இதற்கு இருபது குதிரைத்திறன் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டை எதற்காக மாட்டுகிறீர்கள்? மாமரத்துக்கும் தென்னைக்கும் எட்டி அடிக்க முப்பது கிலோ பிரஷர் வேண்டும், அது வேறு கணக்கு, அங்கே இரண்டு மூன்று குதிரைத்திறன் கேட்கும். வயல் பயிருக்கு ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் போதும். பூம் சிறிதானால் டிராக்டர் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பே போதும்.

பி.டி.ஓ. தண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் கனம் ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டும். விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர். நீங்கள் கட்டியிருக்கும் நாலு முழ வேட்டி மொத்தமே 1.8 மீட்டர்தான். முனை மாட்டிய பிறகு கையை எடுக்கவோ டிராக்டரில் இருப்பவரைக் கூப்பிடவோ நேரமில்லை. தோளில் கிடக்கும் துண்டும், பின்னலும், சேலை முந்தானையும் அப்படியே. கட்டாயம் பி.டி.ஓ.தான் வேண்டும் என்றால் தண்டு முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் உறை வேண்டும். அந்த உறை தண்டோடு சேர்ந்து சுற்றாமல் சங்கிலியால் கட்டி நிற்க வேண்டும். உறையைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டிருப்பவர்கள் இன்று ராத்திரியே இறக்கிவிடுங்கள். சின்ன இன்ஜின் வைப்பவர்களுக்கும் சொல்கிறேன், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் கம்பிவலைக் கூண்டு போடுங்கள்.

பம்பைவிட்டு வெளியே வந்தவுடன் முதல் சாமான், பிரஷர் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு. பம்புக்கும் அதற்கும் நடுவில் வேறு எந்த அடைப்பு வால்வும் வரக் கூடாது. பிஸ்டன் பம்போ டயாஃப்ரம் பம்போ, வழி அடைபட்டால் நிற்காது. எது பலவீனமோ அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெரும்பாலும் அது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஹோஸ். அடுத்தது பிரஷர் கேஜ். அதை இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தால் தெரியும் இடத்தில் வையுங்கள், மூடும் வால்வைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பிரஷர் ஏறுகிற பக்கத்தில் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை வெட்டி மாட்டுவது வேண்டாம். எத்தனை பார் தாங்கும் என்று அச்சடித்த ஹோஸை, திருகி இறுக்கும் ஸ்டீல் கிளாம்பு போட்டு மாட்டுங்கள். ஊசித்துளைக் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஏழு பாரிலேயே நீர்த்தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும், உள்ளே போவது வெறும் தண்ணீரும் அல்ல. இன்ஜினை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போதுதான் பேரலுக்கு வருகிறோம். சில தம்பிகள் பம்பே வேண்டாம், பேரலை இறுக மூடி கம்ப்ரஸரால் காற்றடித்தால் மருந்து தானே பீறிடும் என்று கேட்கிறார்கள். பேரலின் மூடி 58 சென்டிமீட்டர் விட்டம். அதன் பரப்பு இரண்டாயிரத்து அறுநூறு சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஒரே ஒரு கிலோ பிரஷர் ஏற்றினாலும் மூடியை 2,600 கிலோ பாரம் வெளியே தள்ளும். ஒரு கார் பாரத்தின் இரண்டு மடங்கு அது. பேரல் திரவத்தை வைத்திருக்கச் செய்தது, காற்றை அடைத்துவைக்கச் செய்ததல்ல. அந்த யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இரும்புப் பேரலில் வேறு ஒரு சாவு இருக்கிறது. டீசலோ ஆயிலோ தின்னரோ இருந்து காலியான பேரலில் வெல்டிங் வைத்தால், கட்டிங் டார்ச் காட்டினால், கிரைண்டர் பொறி பட்டால் கூட உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். தண்ணீர் விட்டு அலசினேன் என்பது போதாது. மடிப்புகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் மறுபடி ஆவியாகும். இது தவிர மயில்துத்தம் கரைத்த மருந்து இரும்பைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கே நல்லது. அதிலும் முன்பு என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாத பேரல் வேண்டாம். வெயிலில் பல வருடம் கிடந்து நிறம் வெளுத்ததைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு ஓடினால் ஓரமாகப் போடுங்கள். இந்த வேலைக்கு நான் சொல்வது 200 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஒரு பேரல், கணக்கு எளிது. 500 லிட்டர் வைத்தால் ஒரு தடவை நிரப்புவது மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்துக்கு விலை வண்டியில் தெரியும்.

நிரப்பும்போது ஒரு சங்கதி. போர் குழாயை அப்படியே பேரலுக்குள் முக்கிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். மும்முனைக் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? மோட்டார் நின்றவுடன் குழாயில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது, பேரலில் கலந்த மருந்தையும் உறிஞ்சிக்கொண்டு போரில் இறக்கிவிடும். வீட்டுக்குக் குடிக்க வருவதும் அதே போர்தான். குழாயின் வாய் பேரலின் விளிம்புக்கு ஒரு கையகலம் மேலேயே நிற்கட்டும், கம்பி வளைத்து அப்படியே பிடித்துவிடுங்கள். இதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

வண்டிக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பேரல், சட்டம், பம்பு, பூம் எல்லாம் சேர்த்து நிரம்பிய வண்டி 350 கிலோ வரும் என்று வையுங்கள். மினி டிராக்டர் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை. பிரேக் இல்லாத வண்டி, இழுக்கும் டிராக்டரின் பாதி எடையைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கோடு. 500 லிட்டர் ஆட்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இறக்கத்தில் வண்டி டிராக்டரைத் தள்ளும்.

பேரலைச் சக்கர அச்சுக்கு எங்கே வைப்பது? பலர் அச்சுக்கு நேர் மேலே வைத்து, பம்பையும் பூமையும் பின்னால் தொங்கவிடுகிறார்கள். நேர் மேலே இருக்கும் பேரல் எந்தப் பக்கமும் அமுக்காது. பேரல் நிரம்பினாலும் காலியானாலும் பின்பாரம் ஜெயிக்கும், இழுவைக் கம்பி மேலே எழும்பப் பார்க்கும். ஓடும்போது டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பு குறையும். நிறுத்தி இணைப்புப் பின்னை உருவினால் கம்பி விசுக்கென்று எழுந்து தாடையில் அடிக்கும். பேரலைச் சற்று முன்னால் தள்ளுங்கள். இழுவைக் கம்பியின் நுனிக்கு அடியில் வீட்டு எடை மெஷினை வைத்துப் பாருங்கள்: நிரம்பிய வண்டியில் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம், நம் கணக்குக்கு 35 முதல் 50 கிலோ, அங்கே இறங்க வேண்டும். காலிப் பேரலிலும் நுனி கீழே அமுங்கியே இருக்க வேண்டும். இரண்டு நிலையிலும் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கழற்றி நிறுத்த முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால், சக்கரத்துக்குக் கட்டை.

மாட்டுவது டிராபாரில் மட்டும். டாப் லிங்க் மாட்டும் உயரத்தில் சங்கிலி போட்டு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், அப்படியே பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 350 கிலோ வண்டிக்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். வாய்க்காலில் சக்கரம் இறங்கிச் சிக்கிய பிறகு நீங்கள் இழுப்பது வண்டியை அல்ல, பூமியை. இணைப்புப் பின்னுக்குக் கழன்று வராத கிளிப்பும், கூடவே ஒரு காவல் சங்கிலியும் போடுங்கள்.

பாதி நிரம்பிய பேரல்தான் மோசமானது, தண்ணீர் ஓட இடம் கிடைத்துவிடும். சாய்வான நிலத்தில் திரும்பும்போது அது கீழ்ப்பக்கமே போய் நிற்கும். அதனால் பாரத்தைத் தாழ்த்தி வையுங்கள், சக்கரங்களை அகலமாகப் பரப்புங்கள், நெட்டாக நிற்கும் பேரலைவிடப் படுக்கை வாட்டத் தொட்டி கிடைத்தால் அதைப் பாருங்கள். சக்கரத்தடம் டிராக்டரின் தடத்திலேயே விழ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு பயிர் நசுங்கும். மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டிவிட்டால் இந்த வண்டிக்கு உள்ளே வேலையில்லை, அதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பூமின் இரண்டு கைகளும் தென்னையிலோ கம்பத்திலோ இடித்தால் மடங்கும்படி கீலும் ஸ்பிரிங்கும் வையுங்கள். வண்டியின் மேல் பிள்ளைகளை ஏற்றுவது கிடையாது. ரோட்டில் இழுத்துப்போகப் பதிவு வேண்டும். மருந்து கலந்த பேரலோடு ரோட்டுக்குப் போகவே வேண்டாம்.

வண்டி முடிந்ததும் முதல் நாள் வெறும் தண்ணீர். நாற்பது மீட்டர் அளந்து குச்சி நடுங்கள். முப்பத்தாறு விநாடியில் கடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். எந்தக் கியர், எவ்வளவு ஆக்சிலேட்டர் என்று பெயிண்டில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே ஒரு நிமிடம் குடத்தைப் பிடித்து அளந்து பாருங்கள். புதியதைவிடப் பத்து சதவீதம் கூட விடுகிற நாசிலைத் தூக்கிப்போடுங்கள். பித்தளை சீக்கிரம் தேயும், செராமிக் நாள் பிடிக்கும். எல்லாக் கசிவும் தண்ணீரிலேயே தெரிந்துவிட வேண்டும்.

மருந்து கலக்கும் நேரந்தான் நாளின் ஆபத்தான நேரம், ஏனென்றால் கையில் இருப்பது தண்ணீர் சேராத சரக்கு. டப்பாவில் முக்கோணம் பாருங்கள்: சிவப்பு கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பிறகு பச்சை. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. வண்டியிலேயே இருபது லிட்டர் நல்ல தண்ணீர்க் கேன் ஒன்றைக் குழாயோடு, சோப்போடு கட்டிவையுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கிணற்றுக்கு ஓட நேரமில்லை. அது குடிக்கிற தண்ணீர் அல்ல என்று எழுதியும் வையுங்கள். நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுகிற பழக்கத்தை இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் வைத்திருப்பீர்கள். பழைய பல் பிரஷ் ஒன்று, மாற்று நாசில் நாலு, வண்டிப் பெட்டியில் கிடக்கட்டும். வேர்த்துக் கொட்டினால், எச்சில் வழிந்தால், கண்ணின் பாவை சுருங்கினால் 108-க்குப் போன் போட்டுவிட்டு, லேபிள் ஒட்டிய டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு எந்த முறி என்று தெரியும்.

காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்காக ஓட்டுங்கள். காற்று போய்ச்சேரும் கடைசிச் சாலில் தொடங்கி, காற்று வருகிற பக்கமாக நகர்ந்தால் அடித்த பயிரின் மேல் கிளம்பும் காற்று உங்களைத் தொடாது. இலைகூட ஆடாத விடியற்காலை நல்லது என்று நினைக்காதீர்கள். அப்போது பொடித்துளி கலையாமல் படலமாக நின்று, மெல்ல நகர்ந்து யார் வீட்டு வாசலிலாவது இறங்கும்.

கடைசியாக ஒன்று, வாடகை. நல்ல வண்டி செய்தால் ஊரே கேட்கும். நேற்று 2,4-டி களைக்கொல்லி அடித்த பேரலில் இன்று பூச்சிமருந்து ஊற்றிப் பருத்திக்கு அடித்தால், இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாக ஒடுங்கிவிடும், தக்காளியும் அப்படித்தான். சண்டை பஞ்சாயத்து வரைக்கும் போகும். களைக்கொல்லிக்குத் தனிப் பேரல், தனி ஹோஸ், தனி நாசில் வைத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசி, அந்த அலசல் தண்ணீரை அடித்த வயலிலேயே அடித்துவிடுங்கள். வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்ட வேண்டாம். வாடகைக்குப் போகும் வண்டியோடு ஓட்டத் தெரிந்த ஆளையும் அனுப்புங்கள், அவர் கூலியையும் வாடகையிலேயே சேர்த்துக் கேளுங்கள். வெளியே இரண்டு வண்டிகள் நிற்கின்றன, இரண்டிலும் தண்ணீர்தான் இருக்கிறது. எடை மெஷினும் கொண்டுவந்திருக்கிறேன், வாருங்கள்.